கெம்மரிக்கின் சப்பாத்து

நேற்றுப் பின்னேரம் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட இருந்து ரெமார்க்கின் ‘ஒல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலை முடித்தேன். 1929இல் புத்தகமாக வந்தது. வகுப்பிலிருந்து முதலாம் உலகப் போருக்குப் போன ஜெர்மன் பெடியன்களின் கதை.

என்னை விடாமல் பிடித்திருப்பது ஒரு சோடி சப்பாத்து. அந்தப் பெடியன்களில் ஒருவனான கெம்மரிக்குக்குக் கால் எடுத்தாயிற்று. கட்டிலருகே நிற்கும் முல்லரின் கண் அந்த மெல்லிய மஞ்சள் தோல் சப்பாத்திலேயே. முல்லர் கெட்டவனில்லை, அவனுக்கு நல்ல சப்பாத்து இல்லை, அவ்வளவுதான். அப்புறம் முல்லரும் சாக, அது கதைசொல்லி பவுலுக்கு வருகிறது. சாவுகளை எண்ணிக் காட்டாமல் சப்பாத்தைக் கால் மாற்றிக்கொண்டே போகிறார் ரெமார்க். என்ன எழுத்து!

நாவல் முழுக்க ‘நான்’ என்று பவுல்தான் பேசுகிறான். கடைசி இரண்டு சின்னப் பந்திகளில் திடீரென்று ‘அவன்’. 1918 ஒக்டோபர். போர் முடியச் சில வாரங்களே இருந்தன. அந்த ‘நான்’ இல்லாமல் போன இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, இருட்டும்வரை வாவியைப் பார்த்தபடி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, அம்மம்மா அலுமாரியில் மடித்து வைத்திருக்கும் மாமாவின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். கொலர் ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறது. பொத்தான் ஒன்றும் கழரவில்லை.