ஸ்குவாட் பாதியிலேயே நிற்கிறதா? எது தடுக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்குவாட் என்றால் எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. ஜிம்மில் அந்தப் பாரைத் தாங்கும் ராக் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணில் படும்: பாரில் பிளேட் ஏற ஏற, இறங்கும் ஆழம் குறைந்துகொண்டே வரும். 60 கிலோவில் முழுதாக உட்கார்ந்தவர் 100 கிலோவில் முட்டியை லேசாக மடக்கிவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், "பாடி டைட்டா இருக்கு மாஸ்டர், ஸ்ட்ரெச் பண்ணணும்" என்பார். 60-ல் மடங்கிய இடுப்பு 100-ல் திடீரென்று இறுகிவிடாது. எடைதான் அதிகம். அதில் கால்வாசியைக் கழற்றிவிட்டு முழு ஆழத்தில் ஆரம்பித்தால், இவருக்கு ஸ்ட்ரெச்சே தேவைப்படாமல் போகலாம்.

முதலில் ஆழம் என்றால் எவ்வளவு? பவர்லிஃப்டிங் போட்டிகளில் ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி, இடுப்பு மூட்டுப் பக்கம் தொடையின் மேற்பரப்பு முட்டியின் உச்சிக்குக் கீழே போயாக வேண்டும். போட்டி எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்த அளவு போதும். இதைக் கண்ணாடியில் பார்த்துக் கணிக்க முடியாது. கழுத்தைத் திருப்பினாலே பார் ஒரு பக்கம் சாயும். மொபைலை நேர் பக்கவாட்டில், முட்டி உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். மேலிருந்தோ மூலையிலிருந்தோ எடுத்த வீடியோவை நம்பாதீர்கள்.

வெறும் பாரிலேயே ஆழம் வரவில்லை என்றால்தான் உடம்பைச் சோதிக்க வேண்டும். 8 அல்லது 10 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு செங்குத்தாகப் பிடித்து இறங்கிப் பாருங்கள். கோப்லெட் ஸ்குவாட் என்பார்கள். முன்னால் இருக்கும் எடை, நீங்கள் பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்ளும். இதில் முழுதாக இறங்க முடிகிறது, பார் வைத்தால் மட்டும் நிற்கிறது என்றால் இடுப்பு மூட்டில் கோளாறு இல்லை. சமநிலை, கணுக்கால், வயிற்றை இறுக்கும் விதம், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

அடுத்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில் சின்ன பிளேட் ஒவ்வொன்று வையுங்கள். சுமார் 2 செ.மீ. உயரம் கிடைத்தால் போதும். உடனே இறங்க முடிந்தால் சிக்கல் கணுக்காலில். சுவரை வைத்து இன்னும் துல்லியமாக அளக்கலாம். சுவரைப் பார்த்து ஒரு காலை முன்வைத்து, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, முட்டி எட்டும் கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 10 செ.மீ. வந்தால் கணுக்காலைக் குறை சொல்ல முடியாது. 5, 6 செ.மீ.தான் வருகிறது என்றால் பார் ஸ்குவாட்டில் குதிகால் கிளம்பும், இல்லையென்றால் உடம்பு முன்னால் கவிழும். இரண்டு காலுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் அடியில் போகும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பும். முதுகு ஒரே பக்கம் வலிப்பவர்கள் இதைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

சரிசெய்ய, அதே சுவர் நிலையில் முட்டியை மடக்கியபடியே அழுத்தி 30, 40 விநாடி நிற்பது, காலுக்கு மூன்று முறை. முட்டியை நீட்டி வைத்துச் செய்யும் கெண்டைக்கால் ஸ்ட்ரெச் இதற்கு அவ்வளவாக உதவாது. ஸ்குவாட்டில் முட்டி மடங்கியே இருப்பதால், தடுப்பது பெரும்பாலும் கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை. பின்பக்கம் இழுக்காமல் கணுக்காலின் முன்பக்கம் எலும்பு இடிப்பது போலக் குத்தினால் அழுத்திப் பயனில்லை, ஃபிசியோவிடம் காட்டுங்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும். அதுவரை பிளேட்டோ, குதிகால் 2 செ.மீ. அளவு உயர்ந்த லிஃப்டிங் ஷூவோ தாராளமாகப் பயன்படுத்தலாம், ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ரன்னிங் ஷூ மட்டும் வேண்டாம். பஞ்சு மெத்தைமேல் நின்று மூட்டை தூக்குகிற கதைதான்.

"நம்ம ஆளுங்க குத்தவைத்து உட்கார்ந்து பழகியவங்க, இது தானா வரும்" என்று சொல்வதுண்டு. பாதி உண்மை. குத்தவைக்கும்போது முதுகு வில்லாக வளைந்திருக்கும். எடை இல்லாதவரை பரவாயில்லை. பஸ்கியில் பலர் குதிகாலைத் தூக்கிக்கொண்டேதான் இறங்குவார்கள். தோளில் பார் இருக்கும்போது இரண்டும் ஆகாது.

இன்னொரு வழக்கு, "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது". ஆழத்தைக் கெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங் மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், முட்டிக்கு முன்னால் பலகையை நிறுத்தித் தடுத்துப் பார்த்தார்கள். முட்டி மூட்டில் திருப்புவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28-லிருந்து 300-ஐத் தாண்டியது. முட்டியைக் காப்பாற்றுகிறோம் என்று சுமையை இடுப்பில் தள்ளுகிறோம், அவ்வளவுதான். தொடை எலும்பு நீளமானவர்களுக்கு முட்டி தாண்டியே தீரும், உடம்பும் கூடுதலாகச் சாயும்.

இறங்கும் முறை இதுதான். தோள் அகலத்துக்குக் கால், பாதம் 15 முதல் 30 டிகிரி வெளியே. மேலே நிற்கும்போதே வயிறும் விலாவும் சுற்றிலும் விரியும்படி மூச்சை இழுத்து அடக்குங்கள். இடுப்பும் முட்டியும் ஒரே நேரத்தில் மடங்க வேண்டும். பின்புறத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளி ஆரம்பித்தால் நெஞ்சு தரையைப் பார்க்கும், ஆழம் பாதியில் நிற்கும். முட்டி பாதத்தின் திசையிலேயே போகட்டும். உள்ளே விழ விடாதீர்கள். பார் கடைசி வரை பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கஷ்டமான இடத்தைத் தாண்டி எழுந்த பிறகே மூச்சை விடுங்கள். அடியில் இடுப்பு லேசாக உள்ளே சுருண்டால் பயப்பட வேண்டாம். கீழ்முதுகு கண்ணுக்குத் தெரிந்து வளைந்தால் அதற்கு ஓரங்குலம் மேலேயே நிறுத்தி, காலை அகட்டியோ பாதத்தைத் திருப்பியோ பாருங்கள்.

ஆழத்தைப் பழக்க, அடியில் நிறுத்தி எழும் பாஸ் ஸ்குவாட்டை விட நல்ல வழி இல்லை. உங்கள் அதிகபட்ச எடையில் 60 சதவீதம், மூன்று விநாடி இறக்கம், அடியில் தளராமல் இரண்டு விநாடி நிறுத்தம், செட்டுக்கு மூன்று ரெப் (மூன்று முறை இறங்கி எழுவது), நான்கு செட், வாரம் இரண்டு முறை. எழும்போது பின்புறம் மட்டும் முதலில் கிளம்பினால் அன்றைக்கு எடை கூடுதல். 5 கிலோ கழற்றுங்கள்.

கடைசியாக, எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கிக்கொள்ள ராக்கில் உள்ள சேஃப்டி கம்பி. பலர் இறங்காததற்குக் காரணம் தசை இல்லை, பயம். கம்பியை உங்கள் முழு ஆழத்தில் பார் நிற்கும் உயரத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே மாட்டி, வெறும் பாரோடு வேண்டுமென்றே இறங்கி அதன்மேல் பாரை வைத்துவிட்டு வெளியே வந்து பழகிக்கொள்ளுங்கள்.