மினரலாஜி (கனிமவியல்) பிராக்டிகலில் அரியர் வைத்துப் பாஸ் ஆன கதை

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு 71. போன தடவை 46, பாஸ் மார்க் 50. அதாவது ஒரே ஒரு ஸ்பாட்டரில் (மேசையில் வைத்த கல்லை மூன்று நிமிஷம் பார்த்துப் பெயர் எழுதும் கேள்வி) போனேன். தியரி பேப்பர் எல்லாம் முதல் தடவையே கிளியர் பண்ணிவிட்டு, ஒரு கல்லுக்குப் பெயர் மாற்றி எழுதியதற்காக ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் அந்தக் கல்லு பரீட்சைதானாடி?" என்று அத்தை வரும்போதெல்லாம் கேட்பாள். இப்போது கேட்கட்டும்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னலாக (வெளிக் கல்லூரித் தேர்வாளராக) வந்தவர் தன் பையிலிருந்து, பழைய துணியில் சுற்றி எடுத்து வைத்த ஸ்பெசிமன் அது. உள்ளங்கை அளவு. மேலே சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டைகள், ஊசி ஊசியான படிகங்கள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து, தொட்டாற்சிணுங்கிப் பூ மாதிரியே இருந்தது, நிறம் மட்டும் நீலம். சொட்டு நீலத்தைத் தண்ணீரில் விடுவதற்கு முன் பார்த்தால் ஒரு நீலம் தெரியுமே, அது. பார்த்த அடுத்த நொடி எழுதிவிட்டேன்: அசுரைட், செம்பின் கார்பனேட், மோனோகிளினிக், கடினத்தன்மை மூன்றரை முதல் நான்கு. மூன்று நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் மிச்சம். பெருமையாக அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வைவாவில் அந்த ஸ்பெசிமனை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஏம்மா, இதுல காப்பர் எங்கேயிருந்து வந்தது?" என்றார். நான் முழித்தேன். "அந்த நீலத்தைக் கட்டை விரலால மூடு. மிச்சம் என்ன இருக்குன்னு சொல்லு."

மூடினேன். வெள்ளையும் லேசான பீச் நிறமுமாக, நடுவில் இறுகி இரண்டு பக்கமும் விரிந்த நெற்கதிர்க் கட்டு போன்ற படிகங்கள், முத்து மாதிரி ஒரு மினுக்கம். ஸ்டில்பைட். ஜியோலைட் என்ற கனிமக் குடும்பம். அதற்கும் கீழே கறுப்பாக ஒரு விளிம்பு, பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெக்கான் பசால்ட்டின் பொந்துக்குள் ஸ்டில்பைட் மேல் உட்கார்ந்திருக்கும் நீலப் பூ கேவன்சைட். புனே பக்கம் வாகோலிக் கல்குவாரிகளில் கிடைப்பது. உலகத்தில் நல்ல கேவன்சைட் என்றாலே அந்த ஊர்தான், முதலில் 1967-ல் அமெரிக்காவின் ஓரிகானில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும். இதில் கொடுமை என்னவென்றால், விடை பெயரிலேயே இருக்கிறது: கால்சியம், வனேடியம், சிலிகேட் மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். நீர் மூலக்கூறு நான்கு. நீலம் வனேடியத்தால் வருகிறது, செம்புக்கு அங்கே வேலையே இல்லை. அசுரைட் என்றால் பக்கத்தில் பச்சை மாலகைட் (அதுவும் செம்புக் கனிமம்) கறையோ, துரு நிற லிமோனைட்டோ பெரும்பாலும் இருக்கும். இங்கே ஒரு பொட்டுப் பச்சை இல்லை. கண்ணால் பார்த்தும் பார்க்கவில்லை.

சரி, வழிகாட்டல் என்று கேட்டால் என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான்: அழகாக இருப்பதை விரலால் மூடுங்கள், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் பெயருக்கு வாருங்கள். ஸ்ட்ரீக் (பீங்கான் தட்டில் உரசினால் விழும் கோட்டின் நிறம்), கடினத்தன்மை, ஆசிட் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண ஸ்பாட்டருக்குச் சரி. அரிய ஸ்பெசிமன் வைத்தால் பக்கத்திலேயே "சுரண்டக் கூடாது" என்று சீட்டு வைத்திருப்பார்கள். கத்தி, பீங்கான் தட்டு, டிராப்பர் மூன்றும் கையை விட்டுப் போய்விடும். மிஞ்சுவது கண்ணும் கொஞ்சம் கைக்கனமும்தான். கேவன்சைட்டின் அடர்த்தி சுமார் 2.3, அசுரைட் 3.7-க்கு மேல், ஆனால் அடியில் இவ்வளவு பாறை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கனத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

ஒரு வருஷம் நான் செய்தது இதுதான். போனில் மினரல் படங்களைத் திறப்பேன், படிகத்தைக் கட்டை விரலால் மறைப்பேன், மிச்சத்தை வைத்துப் பெயர் சொல்வேன். விற்பனைக்குப் போடும் படங்களில் நிறத்தை ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருப்பார்கள், அதனால் நிறத்தை நம்பாமல் இருக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எழும்பூர் மியூசியத்தின் ஜியாலஜி பகுதிக்கு நாலு தடவை போனேன், தனியாக. குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, பக்கத்தில் ஒருத்தி "கார்னெட்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கும் அது கார்னெட்டாகவே தெரியும்.

நோட்டில் எழுதி வைத்திருந்தது, அப்படியே:

- ஸ்டில்பைட், ஹ்யூலண்டைட், அபோஃபில்லைட்: பசால்ட் பொந்து. பச்சையாக, சதுரப் பட்டகமாக, தட்டையான முனையில் முத்து மினுக்கம் இருந்தால் அபோஃபில்லைட். ஃப்ளூரைட் என்று எழுதாதே.
- கேவன்சைட்டுக்கு அதே வேதிச் சேர்க்கையில் பென்டகோனைட் என்று ஒரு பங்காளி உண்டு. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. வைவாவில் கேட்பார்கள்.
- பாரைட் மேல் சிவப்பு அறுகோணக் குட்டைப் பட்டகங்கள்: வனடினைட். ஈயம், வனேடியம், குளோரின். மொராக்கோ.
- வெள்ளை நேட்ரோலைட்டில் நீலம், பக்கத்தில் கறுப்பு நெப்டுனைட்: பெனிட்டாய்ட். பேரியம் டைட்டேனியம் சிலிகேட். பரீட்சைக்கு வராது. ஆனால் கலிஃபோர்னியாவில் அது கிடைத்த புதிதில் நீலக்கல் என்றே நினைத்தார்களாம், அதைப் படித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.
- லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வை, கல்லை அருகே கொண்டு வா. கல்லோடு லென்ஸை ஒட்டிவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்காதே.
- க்வார்ட்ஸ் இருக்கிறதா? இருந்தால் குருந்தம் என்று எழுதும் முன் பத்துத் தடவை யோசி.

கடைசி வரிதான் இந்தத் தடவை என்னைக் காப்பாற்றியது. ஆறாவது ஸ்பாட்டர்: வெள்ளைப் பாறைக்குள் தவிட்டு நிறமும் இளஞ்சிவப்பும் கலந்த, விரல் நுனி அளவுக் கட்டிகள், ஆங்காங்கே கறுப்பு. எனக்கு முன்னால் நின்றவர் கார்னெட் என்று எழுதியதை நானே பார்த்தேன் (பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டேன்). கட்டை விரலை வைத்தேன். வெள்ளை மணிகளை க்வார்ட்ஸ் என்று நினைக்கத்தான் தோன்றும், ஆனால் லென்ஸில் தட்டையான பிளவுத் தளமும், அதில் மெல்லிய இணைகோடுகளும் தெரிந்தன. பிளேஜியோகிளேஸ், ஃபெல்ட்ஸ்பார் வகை. கறுப்பு ஹார்ன்பிளெண்ட். எத்தனை தேடியும் ஒரு க்வார்ட்ஸ் இல்லை. அப்படியானால் அனார்த்தோசைட், கிட்டத்தட்ட முழுக்கப் பிளேஜியோகிளேஸால் ஆன பாறை. சிலிக்கா தாராளமாக இருந்திருந்தால் அலுமினா அதோடு சேர்ந்து சில்லிமனைட், கயனைட் என்று போயிருக்கும். இங்கே பற்றாக்குறை, அதனால் மிஞ்சிய அலுமினா தனியாகவே படிகமாகிவிட்டது. குருந்தம். அலுமினியம் ஆக்சைடு, கடினத்தன்மை ஒன்பது, இளஞ்சிவப்புக்குத் துளி குரோமியம். இடம்: சித்தம்பூண்டி, நாமக்கல் மாவட்டம். முழு மார்க். கொரண்டம் என்ற பெயரே நம்ம குருந்தத்திலிருந்து போனதுதான், அதைக் கார்னெட் என்று எழுதிவிட்டு வந்திருந்தால் அத்தை முகத்தில் விழித்திருக்கவே முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த விரல் வித்தை, அடியில் பாறை ஒட்டியிருந்தால்தான் பலிக்கும். ஒன்பதாவது மேசையில் பாறையே இல்லாமல் தனியாக ஒரு படிகம், கண்ணாடி மாதிரி, தட்டையாக, தூக்கினால் கனம். மூடுவதற்கு ஒன்றும் இல்லை. கட்டை விரலை வைத்துக்கொண்டு மூன்று நிமிஷமும் அதையே பார்த்தேன். மணி அடித்ததும் பாரைட், பேரியம் சல்ஃபேட் என்று கிறுக்கிவிட்டு நகர்ந்தேன். செலஸ்டைனாம். பேரியம் இல்லை, ஸ்ட்ரான்சியம்.