தட்டை அடியா, வி அடியா?

ஏப்ரல் 20, 2024, சனி

அப்பாவும் நானும் மீன்பிடிக்க ஒரு போட் வாங்கவேணும். கனடாவில், ஒன்ராறியோவின் ரைஸ் லேக் ஏரிக்கரையில் இருக்கும் பியூட்லிக்குப் போய் முதல் போட்டைப் பார்த்தோம். 14 அடி அலுமினியம், தட்டை அடி. இங்கே ஜோன் போட் என்பார்கள். அப்பா எழும்பி நின்று தூண்டில் வீசினார், ஆட்டமே இல்லை. ஒரு சாண் தண்ணியிலும் மிதக்கிறது. யாழ்ப்பாணத்தின் ஆழமில்லாத பரவைக்கடலில் கம்பு ஊன்றித் தோணி தள்ளியவருக்கு அது போதும், முகம் மலர்ந்துவிட்டது.

திரும்பும்போது காற்று எழும்பியது. முழங்கால் அளவு அலைகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு அலைக்கும் அடித்தகடு பலகையால் அறைந்தமாதிரி "படார்" என்றது.

ஏப்ரல் 22

அப்பாவுக்கு இன்னும் இடுப்பு நோகுது. எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

இரண்டாவது போட். இதுவும் 14 அடிதான், விலையும் ஏறக்குறைய அதே. அடி வி வடிவம்: அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், கூராக இறங்கி, பின்னால் போகப்போகத் தட்டையாகிறது. அலையை அறையாமல் வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் நிறுத்தினால் ஆடும். அப்பா ஒரு பக்கம் சாய்ந்ததும் நான் மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டேன். தண்ணிக்குள் கூடுதலாக அமிழ்வதால் பாசி மண்டிய குடாக்களுக்குள் அவ்வளவு தூரம் நுழைய முடியாது. அந்தக் குடாக்களில்தான் எங்களுக்கு மீன்.

மே 1

இரவு வரைபடத்தை விரித்து இருவரும் இருந்தோம். ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 30 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பியூட்லி தென்மேற்கு மூலை. இங்கே கோடையில் அதிகம் வீசுவது மேற்கும் தென்மேற்கும். அதாவது போகும்போது காற்று முதுகில், களைத்து வரும்போது முகத்தில். ஆழம் குறைந்த ஏரி என்பதால் அலை கிட்டக்கிட்ட, செங்குத்தாக எழும்பும்.

"நிக்கிறதுக்கு அது, வீட்ட வாறதுக்கு இது" என்றார் அப்பா. பிறகு, "நான் இருந்துகொண்டே வீசுறன்" என்றார். ஐம்பது வருசம் நின்றபடி வீசிய மனிதர்.

மே 4, சனி

வி அடியையே வாங்கினோம். ட்ரெயிலரில் வைத்தபடியே உள்ளே நாலு விரல் தண்ணி விட்டுவிட்டு, கீழே படுத்துப் பார்த்தோம். ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) அடித்த போட்டுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. மூன்று ரிவெட் தலைகளில் முத்துமுத்தாகத் துளி கோத்து நின்றது. மெழுகுச் சோக்கால் வட்டம் போட்டேன். பிறகு அப்பா உள்ளே கனமான இரும்புக்கட்டியைப் பிடிக்க, நான் வெளியே சுத்தியலால் அடித்து இறுக்கினேன். திரும்பத் தண்ணி விட்டோம், காய்ந்து கிடந்தது.

மே 11, சனி

வால்ஐ என்ற மீனைப் பிடிக்கும் சீசன் திறந்த நாள். தண்ணி இன்னும் விறைக்கிற குளிர், உயிர்காப்புச் சட்டையைக் கழற்றவே விடவில்லை. பின்னேரம் எதிர்க்காற்றில் முக்கால் மணித்தியாலம் வந்தோம். என் சட்டை நனைந்தது. அப்பா நடுப்பலகையில் இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்தார், எங்கேயும் பிடிக்கவில்லை. கரையில் நான் கை நீட்ட முதலே தானாக இறங்கிவிட்டார்.