ஆதி மனிதன் யாருக்காக?

நவீன இலக்கியத்தில் பிரிமிட்டிவிசம் என்கிறார்களே, அதாவது ஆதி வாழ்க்கை மீதான மோகம், அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம். நகரமும் இயந்திரமும் அலுத்து, முதல் உலகப் போரும் முடிந்தபோது, நாம் தொலைத்த உயிர்த்துடிப்பு காட்டு மக்களிடம்தான் மிச்சமிருக்கிறது என்று ஐரோப்பிய எழுத்தாளர்கள் பலர் நம்பினார்கள். டி.எச். லாரன்ஸ் மெக்சிகோவுக்கே போய், பழைய அஸ்டெக் தெய்வங்கள் மீண்டு வருவதாக ஒரு நாவல் எழுதினார், 1926-இல் வெளியானது. அதன் வேகத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த மக்கள் எங்கே பேசுகிறார்கள்? 1975-இல் அமெரிக்காவில் ஆற்றிய உரையில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே, ஆப்பிரிக்காவில் நடக்கும் ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' நாவல் மீது வைத்த குற்றச்சாட்டில் இதுவும் ஒன்று. ஒரு வெள்ளைக்காரனின் மனம் குலைவதைக் காட்ட ஆப்பிரிக்கா முழுவதும் வெறும் பின்திரையாகிவிட்டது, அங்குள்ளவர்கள் வாயில் சில சொற்கள்தான்.

காரைக்குடிப் பக்கத்து ஆளான எனக்கு இது தூரத்து விவகாரமாகத் தெரியவில்லை. எங்கள் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்க்க வருகிறவர்கள் காலம் தீண்டாத கிராமம், கள்ளமில்லாத நம்பிக்கை என்று எழுதுகிறார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய் வட்டித்தொழில் செய்து, பர்மாத் தேக்கில் வீடு கட்டிய ஊர்களுக்கு நடுவில்தான் அந்தக் கோயில்கள் இருக்கின்றன! குதிரையும் தானாக முளைப்பதில்லை. ஊர் கூடி முடிவெடுத்து, மண்குதிரை செய்கிற குயவரான வேளாரிடம் பிடிமண் (வேலையைத் தொடங்கச் சொல்லிக் கொடுக்கும் கைப்பிடி மண்) கொடுத்து, எத்தனை புரவி, என்ன கூலி என்று பேசி முடிக்க வேண்டும். அப்புறம் மண் பிசைந்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசி (இப்போது பல இடங்களில் எனாமல் பெயின்ட்தான்), புரவி எடுப்புத் திருவிழா அன்று கோயிலுக்குத் தோளில் தூக்கிப் போகிறார்கள். முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு அதில் உண்டு, சாதி உண்டு, கடன் வாங்கி நேர்த்திக்கடன் செலுத்துகிற குடும்பமும் உண்டு. கள்ளமில்லாத கிராமம் என்று எழுதிவிட்டால் இது எதையுமே கேட்க வேண்டியதில்லை, எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

தமிழிலும் மலைமக்களை இப்படி எழுதுகிறோம். தேன் எடுப்பார்கள், ஆடுவார்கள், பொய் சொல்லத் தெரியாது. வனத்துறையோடு அவர்களுக்கிருக்கும் வழக்கு கதைக்குள் வருவதே அபூர்வம்.

அச்செபேயின் 1958 நாவலில் நைஜீரியாவின் இக்போ இனக் கிராமத்தார் கடனுக்கு நடையாய் நடக்கிறார்கள், பரியப் பணத்துக்குப் பேரம் பேசுகிறார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை ஊர்ச்சபைக்கு வருகிறது. அப்படி ஒரு நாவல் எங்கள் பக்கத்து வேளார் வீட்டிலிருந்து வர வேண்டும். சூளைக்கு விறகு விற்கிற விலையும் அதில் இருக்க வேண்டும்.