சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்

குயில்ட்டுக்கு (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி, போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தேன்.

சிவப்பும் இலைப்பச்சையும் ஒரே சாம்பல்! துண்டுகளால் அமைத்த நட்சத்திர டிசைன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஓரத்தில் கிடந்த வெளிர் மஞ்சள் மட்டும் பளிச்சென்று நின்றது.

நிறம் வேறு, அதன் வெளிர்-அடர்வு வேறு. தூரத்திலிருந்து டிசைனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். நாமோ நிறத்தில் மயங்கித் துணி எடுக்கிறோம். (போன் வேண்டாம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே போதும்.)

பக்கத்து நிறமும் சும்மா இருக்காது. பாரீஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார். சாயப்பிரிவின் பொறுப்பாளர், வேதியியலாளர் ஷெவ்ரோல், ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை. நீலம், ஊதாவுக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் கருப்பு சோர்ந்து தெரிந்தது. 1839இல் அந்த ஆய்வு நூலாகவே வந்தது.

இதற்காக எல்லாமே பளிச்சென்று மோதிக்கொள்ள வேண்டும் என்றில்லை. அடர்வு நெருங்கிய நிறங்கள் ஒன்றோடொன்று கரைவதும் அழகுதான், வேண்டுமென்றே செய்தால்.

ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் இரண்டு நிற நூலையும் சேர்த்து முறுக்கிக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். ஒற்றைச் சாம்பல் கயிறாகத் தெரிந்தால், அந்த ஜோடியில் போடும் பூவேலை நாலடி தள்ளி நிற்பவர் கண்ணில் படாது.