மீன் வண்டியின் அடித்தகடு

கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்தில் மீன் ஏற்றி, ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டை, தென்காசி என்று இறக்குவதுதான் என் பிக்கப்புக்கு வேலை. ஐஸ் உருகி வடியும் தண்ணீர் எல்லாம் உப்பு. ஜூன் பிறந்தால் கணவாயில் மழை, இந்தப் பக்கம் சாரல். வண்டியின் அடிப்பக்கம் காயவே காயாது.

வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் அடியில் ரப்பர் கோட்டிங் அடித்துக் கொடுத்தார்கள். கன்னங்கரேலென்று இருந்தது, நானும் நம்பிவிட்டேன். எட்டே மாதம். பஞ்சர் ஒட்டக் குனிந்தபோது பின் சக்கரத்துக்கு மேலே கோட்டிங் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது. ஸ்க்ரூடிரைவரால் கீறினேன், செம்மண் நிறத்தில் தண்ணீர், மீன் வாடையோடு மணிக்கட்டில் வழிந்தது. பின்னாலேயே தகடு ஏடு ஏடாக உதிர்ந்தது.

"துருவைச் சுரண்டாம மேலயே அடிச்சிருக்காவ தம்பி" என்றார் டிங்கர் அண்ணாச்சி. சின்னச் சுத்தியலால் அடியெங்கும் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது, செத்த இடம் சொத்தென்றது. அப்புறம் ஒன்றைக் காட்டினார்: சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் தண்ணீர் வடிய கம்பெனியே விட்ட ஓட்டைகளைக் கோட்டிங் அடைத்திருந்தது. உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஏப்ரல் வெயிலில் வேலையைத் தொடங்கினோம். டீசல் டேங்கை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த மூன்று இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங். மற்ற இடங்களில் கோட்டிங்கைச் சுரண்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தோம். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், கம்பி தெறிக்கும். பிரஷ் நுழையாத மடிப்புகளில் உளியும் உப்புத்தாளும்தான். இதற்கே இரண்டு நாள் போனது. அவசரப்பட்டால் இங்கேதான் கெடும்.

குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம். பழுப்பு மெல்லக் கறுத்தது. மறுநாள் கழுவிக் காயவிட்டு, இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே சேஸ் பிளாக் என்கிற கறுப்புப் பெயிண்ட். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிறுத்துவது பலருக்கு வழக்கம். மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சும். பிரேக் பைப், சைலன்சர், ஜாயிண்டுகளில் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடித்தோம். மூடிய சட்டங்களுக்குள் ஓட்டை வழியாக மெழுகு ஸ்பிரே. பழைய என்ஜின் ஆயில் பூசச் சொன்னவர்களும் உண்டு. புஷ் ரப்பரெல்லாம் ஊறிப்போகும், ரோட்டிலும் சொட்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்போது பெட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்து, வடிகிற தண்ணீரை ஹோஸ் வழியே ஒரு கேனில் பிடிக்கிறேன். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி, முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துகிறேன். மாதம் ஒருமுறை வடிகால் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பார்ப்பேன். சாரல் முடிந்து பார்த்ததில் ஒரு போல்ட் தலையைச் சுற்றி மட்டும் பழுப்பு தெரிந்தது. அன்றைக்கே தேய்த்து பிரைமர் வைத்துவிட்டேன்.