வெல்டு ஓரத்துச் சிவப்பு

"அண்ணே, மெஷ்ஷைச் சின்னதாக்க ஆக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போகுது!"

கணினி மாடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாக (மெஷ்) பிரித்து, சுமையில் எங்கே எவ்வளவு உள்தகைவு (ஸ்ட்ரெஸ்) வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான் ஜூனியர். திரையில் ஃபில்லட் வெல்டு (இரண்டு தட்டு சேரும் மூலையை நிரப்பும் வெல்டு) தட்டைத் தொடும் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு, அதாவது ஸ்ட்ரெஸ் உச்சம்.

ஏறத்தான் செய்யும். மாடலில் அந்த மூலை வளைவே இல்லாத கூர்மை. கட்டத்தைச் சிறிதாக்கும்தோறும் எண் ஏறும்; கணக்குக்கு அங்கே எல்லையே கிடையாது. அந்த எண்ணை நம்பித் தட்டின் கனத்தைக் கூட்டுவது வீண்செலவு.

12 மி.மீ. தட்டு. ஓரத்திலிருந்து 4.8 மி.மீ., 12 மி.மீ. தள்ளி மேற்பரப்பு ஸ்ட்ரெஸ்ஸை எடுத்து, நேர்கோடு போட்டு ஓரம்வரை நீட்டச் சொன்னேன். ஓரத்தில் அப்படிக் கிடைப்பதுதான் ஹாட் ஸ்பாட் ஸ்ட்ரெஸ். ஃபடீக் கணக்குக்கு, அதாவது சுமை திரும்பத் திரும்ப வந்து விரிசல் விடுமா என்று பார்க்க, அதுதான் வேணும்.

ஃபடீக்கை லேசாக எடுக்க முடியாது. 1980-ல் வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கிய அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். விரிசல் கிளம்பியது ஒரு கருவியைத் தாங்கும் பிடிமானத்தின் 6 மி.மீ. வெல்டில்!

அதனால்தான் எங்கள் தட்டில் இருக்கும் பிராக்கெட்டின் (சின்னப் பிடிமானம்) வெல்டையும் மாடலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அதைப் பார்க்கணும்.